காலேஜ் டிஸ்டன்ஸ் கோச் வேலைய நம்பி இறங்கலாமா? அமெரிக்கா சிஸ்டம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

மலைப்பாதை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ஓட்டத்த பத்தி எழுதறவங்கள்ல அமெரிக்க காலேஜ் டீம் உள்ள இருந்து பாத்தவங்க சிலர் இருக்கீங்கன்னு பழைய போஸ்ட் எல்லாம் படிச்சப்ப தெரிஞ்சுது, அதான் இங்க கேக்கறேன்.

நான் டிவிஷன் 3 காலேஜ் ஒண்ணுல (அங்க காலேஜ் விளையாட்ட 1, 2, 3ன்னு பிரிச்சிருக்காங்க, 1தான் பெருசு) நாலு வருஷம் க்ராஸ் கன்ட்ரி, அதாவது புல், மண் பாதைல ஓடற ரேஸ், ஓடினேன், ட்ராக்ல 5000, 10000. டீம்ல எப்பவும் அஞ்சாவது இல்ல ஆறாவது ஆளா வர்றவன். இப்ப எக்ஸர்சைஸ் ஃபிசியாலஜில மாஸ்டர்ஸ் சேரப்போறேன், படிச்சு முடிச்சா கோச் ஆகணும், அதுவும் காலேஜ் லெவல்லதான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. ரெண்டு இடத்துல கிராஜுவேட் அசிஸ்டன்ட்டா, அதாவது படிச்சுகிட்டே டீம்ல வேலை செய்யறவனா, கூப்பிடறாங்க. ஒண்ணு டிவிஷன் 1, பேர் சொன்னா எல்லாருக்கும் தெரியும், ஆனா அங்க என் வேலை ட்ராவல் புக் பண்றது, டேட்டா ஏத்தறது, வீடியோ எடுக்கறது. இன்னொண்ணு டிவிஷன் 2, சின்ன ஊரு, அந்த ஹெட் கோச் ரொம்ப வருஷமா அங்கயே இருக்கறவரு, என்னை தினமும் ப்ராக்டிஸ்ல கூட நிக்க வைக்கறேன், கொஞ்ச நாள்ல ஒரு க்ரூப்ப பாத்துக்க விடறேன்னு சொல்றாரு.

வீட்ல அப்பாவுக்கு இது சுத்தமா பிடிக்கல. பி.டி. மாஸ்டர் ஆகறதுக்கா கடல் தாண்டி போனேன்னு கேக்கறாரு, பிசிக்கல் தெரபி படிச்சா லைஃப் செட்டில்ங்கறாரு. அவர் பயமும் எனக்கு புரியுது. இந்த வேலைல நிஜமா என்ன பண்ணுவாங்க, எப்படி மேல போவாங்க, பெரிய பேரா சின்ன ஊரா, இதுல உங்க அனுபவத்த சொன்னா அப்பா கிட்ட உக்காந்து பேசறதுக்கும் எனக்கு உதவியா இருக்கும்.

பழைய_ஸ்பைக்ஸ் எழுதியது:

தம்பி, நான் டிவிஷன் 1 டீம் ஒண்ணுல அசிஸ்டன்ட், டிஸ்டன்ஸ் க்ரூப் என்கிட்டதான் இருக்கு, இதுக்கு முன்னாடி டிவிஷன் 2ல ரொம்ப வருஷம். நேராவே சொல்றேன், ரெண்டாவது இடத்துக்கு போங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாதான் வரும்.

வெளில இருந்து பாக்கறவங்களுக்கு கோச்னா ஸ்டாப்வாட்ச்ச பிடிச்சுகிட்டு நிக்கறது, வொர்க்அவுட் எழுதறது. வொர்க்அவுட் எழுதறதுதான் இந்த வேலைல ரொம்ப சின்ன பங்கு. டெம்போ எவ்ளோ தூரம், லாங் ரன் எந்த நாள், ஹில்ஸ் எந்த மாசம், இதெல்லாம் இன்னிக்கு யார் வேணா படிச்சு தெரிஞ்சுக்கலாம். ஒரு நாள் கடுமையா ஓடு அடுத்த நாள் மெதுவா ஓடுன்னு ஆரிகன்ல பில் பவர்மேன் வச்ச முறை இன்னிக்கும் பாதி டீம்ல அப்படியே ஓடிட்டு இருக்கு, அவர் அங்க கோச்சிங்க விட்டது 1970கள் ஆரம்பத்துல. ஆனா எட்டு ரிப்பீட் (ஒரே தூரத்த எட்டு தடவை வேகமா ஓடறது) எழுதியிருக்கற அன்னிக்கு, அஞ்சாவதுலயே ஒரு பையன் தோள் ஏறி கழுத்து விறைச்சு ஓடறான், அவன இப்ப நிறுத்தணுமா விடணுமா, இதுக்கு எந்த பேப்பர்லயும் பதில் கிடையாது. அந்த பையன நீங்க ஆகஸ்ட்ல இருந்து தினமும் பாத்திருந்தாதான் தெரியும். வீடியோ ரூம்ல உக்காந்து இத கத்துக்கவே முடியாது.

அடுத்தது வருஷம் எப்படி போகும்னு தெரிஞ்சுக்கோங்க. ஸ்ப்ரின்ட் கோச்சுக்கு ரெண்டு சீசன், நமக்கு மூணு. ஆகஸ்ட்ல கேம்ப், செப்டம்பர்ல இருந்து க்ராஸ் கன்ட்ரி ரேஸ், நவம்பர்ல தாங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை நேஷனல்ஸ், டிவிஷன் 1ல பசங்க 10 கிலோமீட்டர், பொண்ணுங்க 6, மொத்தம் 31 டீம். அது முடிஞ்ச கையோட இன்டோர், மார்ச் வரைக்கும், அப்புறம் அவுட்டோர், ஜூன்ல முடியும். ஜூன் 15ல பத்தாவது முடிச்ச பசங்க கிட்ட ரெக்ரூட்டிங்குக்காக பேச ஆரம்பிக்கலாம்னு ரூல், அன்னைல இருந்து போன் காதுலயேதான் இருக்கும். நம்ம பசங்க சீசன்ல வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல ப்ராக்டிஸ் பண்ணக் கூடாதுன்னு காலேஜ் விளையாட்ட நடத்தற என்.சி.ஏ.ஏ. அமைப்பு கணக்கு வச்சிருக்கு, கோச்சுக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. குடும்பம் இருக்கறவங்களுக்கு இது நிஜமாவே கஷ்டம், அப்பா கிட்ட இத மறைக்காம சொல்லுங்க.

அப்புறம் நீங்க அஞ்சாவது ஆளா ஓடினேன்னு ஏதோ குறை மாதிரி சொல்றீங்க. ஏழு பேர் ஓடி முதல் அஞ்சு பேரோட இடத்த கூட்டறாங்க, கம்மி பாயின்ட் வாங்கின டீம் ஜெயிக்குது, இது உங்களுக்கே தெரியும். முன்னாடி ஓடற ரெண்டு பேர் எல்லா நல்ல டீம்லயும் இருப்பாங்க, அவங்களுக்குள்ள அஞ்சு பத்து பாயின்ட்தான் வித்தியாசம். அஞ்சாவது ஆளு 60ல வர்றானா 140ல வர்றானாங்கறதுலதான் டீமோட கதையே இருக்கு, ஏன்னா நடுவுல கும்பல் அப்படி, பத்து செகண்ட் விட்டா இருபது பேர் தாண்டிருவாங்க. அந்த அஞ்சாவது ஆளுக்கு ஸ்காலர்ஷிப் இருக்காது, பேப்பர்ல பேர் வராது, அவன் முகத்த பாத்து பேசத் தெரிஞ்ச கோச்தான் டீம் கட்டுவாரு. அந்த இடத்துலயே நின்னு ஓடினவர் நீங்க, அந்த ஆளுக்கு கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல என்ன தோணும்னு உங்களுக்கு தெரியும், இத இன்டர்வியூல தைரியமா சொல்லுங்க.

சம்பளம் பத்தி. கிராஜுவேட் அசிஸ்டன்ட்னா ஃபீஸ் தள்ளுபடியும் கொஞ்சம் ஸ்டைபண்டும், அவ்ளோதான். அடுத்து முதல் அசிஸ்டன்ட் வேலைல நிறைய இடத்துல சம்பளம் கையக் கடிக்கும், டிவிஷன் 3லயும் சின்ன காலேஜ்லயும் கோச்சிங்கோட க்ளாஸ் எடுக்கறது, ஜிம் பாத்துக்கறதுன்னு வேற பொறுப்பும் சேர்ந்தே வரும். டிவிஷன் 1 பெரிய இடத்துல ஹெட் கோச் ஆனா நல்ல வருமானம், ஆனா அந்த நாற்காலி ரொம்ப கம்மி. நிறைய ஸ்டேட்ல அரசு யூனிவர்சிட்டி சம்பளம் பொதுவுல போட்டிருப்பாங்க, நீங்களே தேடி பாத்து அப்பாவுக்கு காட்டுங்க, நான் சொல்றத விட அது நல்லது.

இன்னொண்ணு, இப்ப உள்ள நிறைய மாறுது. 2025 ஜூன்ல ஹவுஸ் செட்டில்மென்ட்ட, அதாவது காலேஜ் வீரர்களுக்கு காசு குடுக்கறது பத்தின கேஸ்ல வந்த சமரசத்த, கோர்ட் ஒத்துகிட்டதுல இருந்து, அதுல சேர்ந்த காலேஜ்ல க்ராஸ் கன்ட்ரிக்கு 17 பேர், ட்ராக்குக்கு 45 பேர்தான் டீம்ல இருக்கலாம்னு ரோஸ்டர் வரம்பு வந்துருச்சு. முன்னாடி பசங்க டீமுக்கு 12.6, பொண்ணுங்களுக்கு 18 ஸ்காலர்ஷிப், ஆனா டீம்ல எத்தன பேர வேணா வச்சுக்கலாம், மூணாவது வருஷத்துல மலர்ற பையனுக்காக காத்திருக்கலாம். இப்ப அந்த காத்திருப்புக்கு இடம் சுருங்கிடுச்சு, போதாக்குறைக்கு ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல, அதாவது காலேஜ் மாற நினைக்கறவங்க பட்டியல்ல, நாலு வருஷம் ஓடி பழுத்தவங்கள நேரா எடுத்துக்கறாங்க. எனக்கு இது மனசுக்கு வலிக்குது, ஏன்னா மெதுவா வளர்றவங்களுக்குன்னே இருக்கற விளையாட்டு இது. மெதுவா வளர்த்து பழகணும்னா இன்னிக்கு டிவிஷன் 2, 3தான் அதுக்கு நல்ல இடம்.

கடைசி_வளைவு எழுதியது:

நான் ஒரு டிவிஷன் 1 டீம்ல ஓடின பொண்ணு, இப்ப ஹைஸ்கூல் கோச். மேல அண்ணா சொன்ன எல்லாத்துக்கும் ஆமா, ஆனா ஒண்ண விட்டுட்டாரு, அத நான் சொல்லியே ஆகணும்.

நீங்க பொண்ணுங்க டீமோட வேலை செய்ய போறீங்கன்னா, ரெட்-எஸ் பத்தி மாஸ்டர்ஸ் சேர்றதுக்கு முன்னாடியே படிங்க. ஓடற அளவுக்கு சாப்பாடு போகலன்னா உடம்பு ஒவ்வொண்ணா கடைய சாத்தும், பீரியட்ஸ் நிக்கும், எலும்பு வலுவிழக்கும், ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் வரும். பசங்களுக்கும் வரும், ஆனா பசங்க கிட்ட யாரும் கேக்கறதே இல்ல. ஒலிம்பிக் கமிட்டி 2014லயே இதுக்கு இந்த பேர வச்சு அறிக்கை குடுத்துருச்சு, ஆனாலும் ஒரு கோச் வாயில இருந்து வெயிட் பத்தி வர்ற ஒரு வார்த்தை ஒரு பொண்ணு தலைல பத்து வருஷம் ஓடும். எங்க டீம்ல நல்லா ஓடிட்டு இருந்த பொண்ணு ஒருத்தி முதல் வருஷம் எல்லாரையும் தாண்டி ஓடினா, எல்லாரும் கை தட்டினாங்க, ரெண்டாவது வருஷம் முழங்காலுக்கு கீழ இருக்கற எலும்புல இருந்து பாதம் வரைக்கும் ஒண்ணு மாத்தி ஒண்ணு ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், மூணாவது வருஷம் அவ ஓடல. அந்த கோச் கெட்டவர் இல்ல. டைம் நல்லா வருது, அப்புறம் என்ன கேக்கறதுன்னு விட்டுட்டாரு, அவ்ளோதான். டைம் நல்லா வர்றப்பதான் கேக்கணும்.

அதனால நீங்க போற இடத்துல டயட்டீஷியன் இருக்காங்களா, டீம் டாக்டர் யாரு, ஒருத்திய ஓட விடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னா கோச் அதுக்கு மேல பேச முடியுமா, வெயிட் பாக்கறாங்களா, இதெல்லாம் கேட்டுட்டு சேருங்க. வெயிட் பாத்து போர்டுல எழுதற இடமா இருந்தா எவ்ளோ பெரிய பேரா இருந்தாலும் போகாதீங்க.

இன்னொரு விஷயம் இது பொதுவா எல்லாருக்கும். 1972ல படிப்பு, காலேஜ் விளையாட்டுல ஆண் பெண் பாகுபாடு கூடாதுங்கற டைட்டில் 9 சட்டம் வந்தப்ப பொண்ணுங்க டீமுக்கு கோச்சா இருந்தவங்கள்ல 90 சதவீதத்துக்கும் மேல பெண்கள்தான், பணமும் வேலையும் வந்தப்புறம் அது பாதிக்கும் கீழ போயிருச்சு. அதனாலதான் பி.ஒய்.யூ. (யூட்டால இருக்கற பிரிகாம் யங் யூனிவர்சிட்டி) பொண்ணுங்க டீம தில்ஜீத் டெய்லர் நடத்தறத பாக்கறப்ப எனக்கு அவ்ளோ சந்தோஷம். பஞ்சாபி குடும்பத்து பொண்ணு, கலிஃபோர்னியால ஸ்டானிஸ்லாஸ்ங்கற பெருசா யாருக்கும் தெரியாத காலேஜ்ல ஓடி, அங்கயே கோச்சா இருந்து, 2016ல பி.ஒய்.யூ. போயி, 2020 சீசன்லயும் 2024லயும் நேஷனல் டைட்டில் வாங்கிட்டாங்க. 2024ல அதே நாள் அதே மைதானத்துல பசங்க டைட்டிலும் பி.ஒய்.யூ.வுக்குத்தான். நம்ம பக்கத்து முகம் இந்த வேலைல இல்லன்னு அப்பா சொன்னா அவங்க ரேஸ் அன்னிக்கு டீமோட நிக்கற போட்டோவ காட்டுங்க.

ஏட்டுப்பிள்ளை எழுதியது:

எனக்கு கோச்சிங் அனுபவம் கிடையாது, ஆனா இந்த கோச்சுங்களோட வாழ்க்கைய தேடி தேடி படிக்கறவன், அதனால அப்பா கிட்ட சொல்றதுக்கு சிலர சொல்றேன். இவங்க எல்லாரும் எங்க ஆரம்பிச்சாங்கன்னு பாருங்க, அதுல ஒரு ஒத்துமை இருக்கு.

ஜோ வீஹில். கொலராடோல அலமோசாங்கற ஊர்ல வளர்ந்தவரு, சுமாரா 2300 மீட்டர் உயரம், குளிருக்கு பேர் போன இடம். முதல்ல அதே ஊர் ஹைஸ்கூல்ல டீச்சர், கோச். 1965ல அங்கயே இருக்கற ஆடம்ஸ் ஸ்டேட் காலேஜ்ல சேர்ந்து கிட்டத்தட்ட 30 வருஷம். நடுவுல ஃபிசியாலஜில டாக்டரேட் வாங்கினாரு, உங்க சப்ஜெக்ட்தான் தம்பி. 1992ல டிவிஷன் 2 க்ராஸ் கன்ட்ரி நேஷனல்ஸ்ல அவர் டீம் ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் எல்லா இடத்தயும் பிடிச்சு 15 பாயின்ட், அதுக்கு கீழ ஸ்கோரே கிடையாது. ரிட்டயர் ஆனப்புறம்தான் டீனா காஸ்டர் அவர தேடி அலமோசாவுக்கே வந்து ட்ரெய்னிங் எடுத்தாங்க, 2004 ஏதென்ஸ் மாரத்தான்ல வெண்கலம். மனுஷன் கடைசி வரைக்கும் மத்த கோச்சுங்களுக்கு சொல்லிக் குடுத்துகிட்டே இருந்தாரு, 2025ல காலமானாரு.

அதே ஏதென்ஸ்ல ஆண்கள் மாரத்தான் வெள்ளி மெப் கெஃப்லெஸிகி. அவர் கோச் பாப் லார்சன், ஹைஸ்கூல், அப்புறம் கிராஸ்மான்ட்ங்கற ரெண்டு வருஷ காலேஜ், அதுக்கப்புறம்தான் யு.சி.எல்.ஏ.

ஆர்கன்சால ஜான் மெக்டானல் 1972ல இருந்து 2008 வரைக்கும் ஒரே இடம். அயர்லாந்துல இருந்து வந்தவரு, ஸ்கூல்ல பாடம் எடுத்துட்டு இருந்தவரு. 40 என்.சி.ஏ.ஏ. டீம் டைட்டில், க்ராஸ் கன்ட்ரி 11, இன்டோர் 19, அவுட்டோர் 10. முதல் டைட்டில் வந்தது 1984ல, அதாவது சேர்ந்து 12 வருஷம் கழிச்சு! இன்னிக்கு எந்த காலேஜ் ஒரு கோச்சுக்கு 12 வருஷம் குடுக்கும்னு நினைச்சு பாருங்க.

எனக்கு எல்லாரையும் விட பிடிச்சவர் ஆல் கேரியஸ், இல்லினாய்ல நார்த் சென்ட்ரல் காலேஜ், டிவிஷன் 3, ஓட்டத்துக்குன்னு ஸ்காலர்ஷிப்பே குடுக்க முடியாது. 1966ல போனவரு 50 வருஷத்துக்கு மேல அங்கயே, க்ராஸ் கன்ட்ரில 19 தேசிய பட்டம். பெரிய இடத்துக்கு போறது மட்டும்தான் மேல போறதுன்னு நினைக்கறவங்க இவர் கதைய படிக்கணும். அவர் டீம்ல ஓடினவங்க எத்தனையோ பேர் இன்னிக்கு கோச்சா இருக்காங்க.

மழைநாள்_ரன் எழுதியது:

விசா பத்தி யாரும் சொல்லல, சுருக்கமா சொல்லிடறேன். எஃப்-1 ஸ்டூடன்ட் விசால படிக்கறப்ப க்ளாஸ் நடக்கற காலத்துல கேம்பஸ் வேலை வாரத்துக்கு 20 மணி நேரம்தான், கோச்சிங்ல சனிக்கிழமை மீட் ஒண்ணுக்கு போனாலே பாதி மணி நேரம் காலி, அதனால கணக்க ஹெட் கோச் கிட்ட முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. சும்மா ஃப்ரீயா கூட நிக்கறேன்னு கேம்பஸ் இன்டர்நேஷனல் ஆபீஸ கேக்காம ஒத்துக்காதீங்க. டிவிஷன் 1ல வாலன்டியர் கோச்ங்கற பதவியே 2023ல எடுத்துட்டாங்க வேற. நல்ல செய்தி என்னன்னா, யூனிவர்சிட்டி வேலைக்கு எச்-1பி வேலை விசால லாட்டரி வரம்பு கிடையாது. ஐ.டி. கம்பெனி பசங்க லாட்டரிக்கு காத்துகிட்டு நிக்கறப்ப காலேஜ் எப்ப வேணா அப்ளை பண்ணலாம். ஆனா ஒரு அசிஸ்டன்ட் கோச்சுக்காக அந்த செலவையும் பேப்பர் வேலையையும் எடுத்துக்க எல்லா அத்லெடிக் டிபார்ட்மென்ட்டும் தயாரா இருக்காது, அத ஆரம்பத்துலயே கேட்ருங்க.

மலைப்பாதை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. வீஹில் கதைய அப்பாவுக்கு போன்லயே படிச்சு காட்டினேன், டாக்டரேட்ங்கற இடத்துல கொஞ்சம் அமைதியா கேட்டாரு. டிவிஷன் 2 இடத்துக்கு போகலாம்னு மனசு சாஞ்சுருச்சு. அக்கா, நீங்க சொன்ன கேள்வி எல்லாம் எழுதி வச்சுகிட்டேன். அடுத்த வாரம் அந்த கோச் கேம்பஸ பாக்க கூப்பிட்டிருக்காரு. பழைய ஸ்பைக்ஸ் அண்ணா, அங்க போயி நான் என்ன பாக்கணும்? அவர் கிட்ட கத்துக்கலாம்னு எத வச்சு முடிவு பண்றது?

பழைய_ஸ்பைக்ஸ் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. அவர் ரூம்ல உக்காந்து பேசறத விட ப்ராக்டிஸ் நடக்கறப்ப போங்க, முடிஞ்சா வொர்க்அவுட் இல்லாத ஈசி ரன் அன்னிக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி பசங்க ஸ்ட்ரெச் பண்ணிட்டு இருப்பாங்க இல்ல, அப்ப அவர் எங்க நிக்கறாருன்னு பாருங்க. ஃபாஸ்ட்டா ஓடற மூணு பேர் பக்கத்துலயே நிக்கறாரா, இல்ல காயத்துல சைக்கிள் மிதிச்சுட்டு இருக்கற பொண்ணு கிட்டயும் போறாரா. காயம் பட்டவங்க டீம் கூடவே இருக்காங்களா, இல்ல தனியா ஒரு மூலைல விட்டிருக்காங்களாங்கறது ரொம்ப முக்கியம், ஒரு ப்ரோகிராம் எப்படின்னு எனக்கு அதுல தெரிஞ்சுரும்.

அப்புறம் ரிசல்ட்ஸ் எல்லாம் டி.எஃப்.ஆர்.ஆர்.எஸ். சைட்ல இருக்கு, ஃப்ரீதான். அவர் டீம்ல நாலு வருஷம் முன்னாடி ஃப்ரெஷ்மேனா சேர்ந்தவங்க பேர எடுத்து, இன்னிக்கு அதுல எத்தன பேர் இன்னும் ஓடறாங்க, முதல் வருஷ டைமுக்கும் கடைசி வருஷ டைமுக்கும் என்ன வித்தியாசம், வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்கா இல்ல ரெண்டாவது வருஷத்தோட நின்னு போச்சான்னு பாருங்க. கப் எத்தன இருக்குங்கறத விட இது நிறைய சொல்லும். நல்ல பசங்கள ரெக்ரூட் பண்ணி கப் வாங்கிடலாம், சேர்ந்தவங்க நாலு வருஷமும் முன்னேறறது ரெக்ரூட்டிங்ல மட்டும் வராது.

அவர் கிட்ட நேரா ஒண்ணு கேளுங்க, உங்க கிட்ட அசிஸ்டன்ட்டா இருந்தவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு. பேரோட சொல்லி, அவங்க நம்பரும் குடுத்து பேசிக்கோன்னு சொன்னா அது நல்ல இடம். ட்ரெய்னிங் ஏன் இப்படி எழுதினீங்கன்னு உங்கள கேக்க விடுவாரான்னும் கேட்டு வைங்க, வருஷம் முழுக்க ஏன் ஏன்னு கேட்டாதான் படிச்ச ஃபிசியாலஜிய அங்க உபயோகிக்க முடியும்.

சேர்ந்தப்புறம் அமெரிக்க ட்ராக் அமைப்பு யு.எஸ்.ஏ.டி.எஃப். நடத்தற லெவல் 1 கோச்சிங் கோர்ஸ முடிச்சிருங்க, அது ஒரு வீக்எண்ட் கோர்ஸ் மாதிரிதான், ரெஸ்யூமேல இருந்தா நல்லது. டிசம்பர்ல கோச்சஸ் அசோசியேஷன் கன்வென்ஷன் வருஷா வருஷம் நடக்கும், நாட்டுல இருக்கற காலேஜ் கோச்சுங்க நிறைய பேர் அங்கதான் இருப்பாங்க, அடுத்த வேலை பெரும்பாலும் அங்க பேசின யாரோ ஒருத்தர் வழியாத்தான் வரும், ஹெட் கோச் அவர் பட்ஜெட்ல உங்களையும் கூட்டிட்டு போவாராங்கறதையும் இந்த விசிட்லயே கேட்டுருங்க. பாத்துட்டு வந்து இங்க எழுதுங்க.